கரையில் காத்திருப்பவள்

சில வருஷங்களுக்கு முன்பு ஆரம்பாக்கத்து இளைஞர் ஒருவர் தாம் எழுதிய சிறுகதையை என்னிடம் கொண்டுவந்து கொடுத்தார். ஆந்திர எல்லையை ஒட்டிய ஊர் அது. பழவேற்காட்டு ஏரியை நம்பிப் பிழைக்கிற குப்பங்கள் அந்தப் பக்கத்தில் பல உண்டு. கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். புருஷன் வலையோடு போகிறான், பொழுது சாய்கிறது, மனைவி கரையில் காத்திருக்கிறாள். "இதை எத்தனையோ பேர் எழுதியாகிவிட்டது, தம்பி. காத்திருக்கிறவளை எடுத்துவிடுங்கள்" என்றேன். மரியாதையாகக் கேட்டுக்கொண்டு போனவர் அப்படியே எடுத்துவிட்டார். திருத்திய பிரதியில் ஏரி இருந்தது, வலை இருந்தது, இறால் இருந்தது; கதையைத்தான் காணோம். அதற்குப் பிறகு அவரிடமிருந்து ஒன்றும் வரவில்லை.

நான் சொன்ன யோசனை தப்பு என்று இப்போது நினைக்கிறேன். ஏன் தப்பு என்பதை எழுதிவைப்பது அவருக்கு நான் பட்டிருக்கும் கடன்.

தகழி சிவசங்கரப் பிள்ளையின் 'செம்மீன்' 1956-ல் மலையாளத்தில் வெளிவந்தது. சுந்தர ராமசாமியின் மொழிபெயர்ப்பில் அதைத் தமிழ் வாசகர்களும் நன்றாக அறிவார்கள். கரையில் இருக்கிறவள் நெறி தவறினால் கடலில் இருக்கிறவன் திரும்பமாட்டான் என்கிற பழைய நம்பிக்கைதான் அதன் அஸ்திவாரம். ஆரம்பத்திலேயே இது வாசகருக்குத் தெரிந்துவிடுகிறது. பிறகு கறுத்தம்மா பரீக்குட்டியை ஏறிட்டுப் பார்த்தாலே நமக்குப் பயம் பிடித்துக்கொள்கிறது. ஆசிரியர் பத்துப் பக்கம் எழுதி உண்டாக்க வேண்டிய பயத்தைச் சம்பிரதாயம் சும்மா கொடுத்துவிடுகிறது. அந்த மிச்சத்தை வைத்து அவரால் கடன், தோணி, பேராசை என்று குப்பத்து வாழ்வை விரிவாகச் சொல்ல முடிகிறது.

ஆனால் எனக்கு ஒரு குறையும் உண்டு. கடைசியில் பழனி சுறாவோடு போராடிச் சுழலில் மாய்கிற அதே இரவில்தான் கறுத்தம்மா பரீக்குட்டியைச் சேர்கிறாள். நம்பிக்கை சொன்னது சொன்னபடியே பலித்துவிடுகிறது. அதை ஒரு கேள்வி கேட்க ஆசிரியருக்கு மனம் வரவில்லை.

புதுமைப்பித்தன் கேட்டார். 'சாப விமோசன'த்தில் அகலிகை கதையை வாசகர் அறிவார் என்ற தைரியத்தில், அது முடிந்த இடத்திலிருந்து அவர் ஆரம்பிக்கிறார். சீதை தீக்குளித்த செய்தியைக் கேட்டு அகலிகை மறுபடியும் கல்லாகிறபோது நாம் திடுக்கிடுகிறோம். பழைய கதை தெரியாதவனுக்கு அந்தத் திடுக்கீடு கிடையாது. வண்ணநிலவன் 1977-ல் 'கடல்புரத்தில்' எழுதியபோது, கடற்கரைக் காதல் என்றால் சாவில்தான் முடியும் என்று வாசகர்கள் எதிர்பார்த்திருப்பார்கள். பிலோமியின் காதல் கைகூடவில்லை. ஆனாலும் அவள் வாழ்கிறாள். அந்த எதிர்பார்ப்பு இருப்பதால்தான் அவளுடைய சாதாரண வாழ்வு நமக்குப் பெரிதாகப் படுகிறது.

இந்த மூவரும் பழையதை வீசி எறியவில்லை. ஒருவர் அதை அப்படியே நம்பினார், ஒருவர் அதைக் கேள்வி கேட்டார், மற்றவர் அதன் முடிவை மாற்றினார்.

ஆரம்பாக்கத்து நண்பரிடம் நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? பிற்பாடு அந்த ஏரியைப் போய்ப் பார்த்தேன். பல இடங்களில் ஓர் ஆள் நின்றுகொண்டே வலை இழுக்கிற ஆழம்தான். கடலில் போனவன் உயிரோடு வருவானா என்பது கடற்கரைக் கதை. இங்கே பெரும்பாலும் வந்துவிடுவான். கூடையில் என்ன இருக்கும் என்பதுதான் சந்தேகம். முகத்துவாரம் மணல் மூடினால் கடல்நீர் உள்ளே வராது, இறாலும் வராது. நல்ல இடத்தில் வலை போடுவதற்குக்கூட, 'பாடு' என்கிற முறைப்படி தன் முறை வரும்வரை காத்திருக்க வேண்டும். ஆகவே கரையில் நிற்கிறவளை எடுத்திருக்கக் கூடாது. அவள் எதற்குப் பயப்படுகிறாள் என்பதைத்தான் மாற்றியிருக்க வேண்டும். படகு தெரிகிறது, புருஷன் கையசைக்கிறான், அவள் முகம் மலரவில்லை. இந்த ஒரு வரிக்கு ஆயிரம் பழைய கதைகளும் பின்பலமாக நின்றிருக்கும்.

அந்தக் கதையை அவர் கிழித்துப் போடாமல் வைத்திருந்தால், முதல் பிரதியை மறுபடி எடுத்துப் பார்க்கட்டும். அவள் இன்னும் கரையில்தான் நின்றுகொண்டிருப்பாள்.