திருவுள்ளம் என்னும் சொற்பொருள்

மழை பொய்ப்பினும் மகவு மாளினும் ‘எல்லாம் ஈசன் சித்தம்’ என்று கூறி அமைவாரைப் பென்னாகரத்தைச் சூழ்ந்த ஊர்களிலும் காணலாம். அவர் அன்பில் ஐயமில்லை. ஆயினும் அச்சொல்லின் பொருளை ஆராயாவிடின், தீமையெல்லாம் இறைவன் விரும்பிச் செய்வன என்னும் பெரும்பிழை விளையும். சித்தம் என்பது உயிர்க்குரிய அந்தக்கரணத்துள் ஒன்று. இறைவன்மேல் உபசாரமாகவே அது வழங்கும். திருவுள்ளம் என்றலே ஏற்புடைத்து.

இவ்விடர்ப்பாட்டைச் சீர்திருத்தக் கிறித்தவரும் கண்டனர். அவருட் பிரெஸ்பிடேரியரும் காங்கிரிகேஷனலாரும் 1947-இல் தென்னிந்தியத் திருச்சபையிற் கலந்தமையின், அவர் கோட்பாடு தமிழர்க்கு அயலதன்று. கால்வினார் (1509–1564) வழியினர் திருவுள்ளத்தை இருவகைப்படுத்துவர்: நிகழ்வன யாவற்றையும் வரையறுக்கும் மறைந்த திருவுள்ளம் ஒன்று, மாந்தர் ஒழுகற்பாலனவற்றை விதிக்கும் வெளிப்பட்ட திருவுள்ளம் மற்றொன்று. அடிமைப்பட்ட மக்களை விடுக எனப் பார்வோனுக்குக் கட்டளையிட்ட கடவுளே அவன் நெஞ்சைக் கடினமாக்கினார் என அவர் மறை கூறுதலின் இப்பகுப்பு வேண்டப்பட்டது. உள்ளம் ஒன்றே, நம் அறிவின் சிறுமையாற் பலவாகத் தோன்றும் என்பது கால்வினார் கருத்து. 1646-இல் வகுத்த வெஸ்ட்மின்ஸ்டர் அறிக்கையும், யாவும் கடவுள் வரையறுத்தன, எனினும் அவர் பாவத்திற்குக் கருத்தாவல்லர் என்னும்.

இதனை வெறும் முரணென்று இகழ்தல் நடுவுநிலையன்று. கட்டளை வேறு, நிகழ்ச்சி வேறு எனக் கண்டது மெய்யே. விதிவிலக்குகள் இறைவன் மொழி என நாமும் கொள்வோம். உயிர்கள் இருவினைக்கேற்பப் பிறந்திறத்தல் அவன் ஆணையால் என்பது சிவஞானபோதத்து இரண்டாஞ் சூத்திரக் கருத்து. கொலையை விலக்கியவனும் அவனே. கொலைப்பயனை ஊட்டுவானும் அவனே.

அற்றேல் வேற்றுமை யாண்டையதெனின், தீமையின் முதலில் என்க. அவர் கொள்கையிற் கடவுளொழிய அநாதிப்பொருள் பிறிதில்லை. ஆகவே தீமைக்கு வேறு முதல் காட்டல் அரிது. சித்தாந்தத்திலோ ஆணவம் அநாதி, இறைவன் படைத்ததன்று. மறைத்தலும் மலபரிபாகத்தின் பொருட்டாகலின் அருளேயாம். ஒகேனக்கலிற் காவிரி ஒன்றே பாறைகளாற் பல அருவியாதல்போல, அருள் ஒன்றே உயிர்களின் பக்குவத்தால் அறக்கருணையும் மறக்கருணையுமாம்.

ஈண்டும் ஒரு கடா எஞ்சும். பக்குவம் வருவிப்பானும் இறைவனாயின், ஓருயிர் முன்னும் ஓருயிர் பின்னும் அதனை எய்துவது என்னை? ஆணவத்தின் வன்மை மென்மையால் என்ப. அவ்வேறுபாடு எற்றுக்கெனின், அநாதி என்பதன்மேல் விடையில்லை. ஆண்டு நாமும் கால்வினாரைப்போல் அறிவின் எல்லையில் நிற்கின்றோம். ஆயினும் 1618–1619-இற் கூடிய டார்ட் பேரவை, ஒருசாராரைக் கடவுள் தேர்ந்து ஒருசாராரை விட்டொழிந்தார் எனத் துணிந்தது. எவ்வுயிரையும் என்றும் விலக்கிவைத்தல் சிவனருளுக்கு இயல்பன்று என்பது நம் துணிபு.

ஆகலின் மகவிழந்தாளிடம் ‘ஈசன் விரும்பினான்’ என்னற்க. வினைக்கணக்கு ஆராய்தலும் ஆண்டுத் தகாது. துயரிலும் அருள் நீங்காது என உணர்ந்து அவளுடன் இருத்தலே சிவநேயர் கடன்.