மரபியலும் உயிர்நூலும்

ஓரறிவு முதல் ஆறறிவு ஈறாக உயிர்களைப் பகுத்தமையால் தொல்காப்பியரே இக்கால உயிர்நூலுக்கு முன்னோடி என முழங்குவார் உளர். இதனை மாணவர்க்கு உரைக்குமுன் ஆசிரியர் சற்றே நின்று நோக்குதல் நன்று. மரபியல் எறும்பை மூவறிவினதாக்கிக் கண்ணறிவை நாலறிவுயிர் முதலாகவே தருகின்றது. பெரும்பாலான எறும்புகளுக்கோ கண் உண்டு. ஓர் உருப்பெருக்காடி போதும். தும்பிக்கு இனமான எறும்பு வேறு வரிசையில் நிற்க, நண்டு தும்பியோடு சேர்கின்றது! புலன்களின் தொகை உறவைக் காட்டாது.

ஆயினும் அவ்வியலிலேயே, புறத்தே வயிரமுடையது புல், அகத்தே வயிரமுடையது மரம் என வகுத்த இடம் போற்றத்தக்கது. அவ்வாறு நோக்கின் தென்னையும் பனையும் மூங்கிலும் புல்லே. இன்றைய நூலாரும் இம்மூன்றையும் ஒருவித்திலைத் தாவரங்களுள் அடக்குவர். சுவீடன் நாட்டு லின்னேயசு 1753-இல் கேசரங்களை எண்ணிச் செடிகளை வகுத்தபோது, பனையினம் அதில் அடங்காது பிற்சேர்க்கைக்குச் சென்றது. அவ்வெண்ணிக்கை முறை பின்னர்க் கைவிடப்பட்டது. நிலைத்தது அவர் இட்ட இருசொற்பெயர். பனை இன்றும் பொராசசு பிளாபெல்லிபர்தான்.

மரபியல் நாடியது அத்தகைய பெயரீடு அன்று, சொல்வழக்கே. அதனாலன்றோ ஓலை, பாளை, ஈர்க்கு என்பன புல்லுக்கும், இலை, தளிர், அரும்பு என்பன மரத்துக்கும் உரியவெனத் தொடர்ந்து பிரித்துரைக்கின்றது.