கிலாட் மைதானத்து 147

கடைசிப் பந்தைப் பற்றி என்னிடம் யாரும் பேச வேண்டாம். பங்களாதேஷின் ஹசிபுல் ஹுசைனின் காலில் பட்டு ஓடிய அந்த லெக் பை, மறுமுனையிலிருந்து தலைதெறிக்க ஓடிவந்த காலித் மசூத், டாக்காவில் வானொலிப் பெட்டியைக் கட்டிக்கொண்டு அழுத ஜனங்கள் எல்லாவற்றையும் கேட்டாயிற்று. சின்ன கிரிக்கெட் அணிகள் உலகக் கோப்பையில் இடம் தேடி ஆடிய ஐசிசி டிராபி என்று வாயெடுத்தாலே 1997, கோலாலம்பூர், கடைசிப் பந்து என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். முந்தைய நாள் கென்யாவின் ஸ்டீவ் டிக்கோலோ ஆடியதைப் பற்றிப் பேச ஆள் கிடைப்பதில்லை.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். அந்தக் கடைசிப் பந்தை நான் பார்க்கவில்லை. பங்களாதேஷுக்கும் கென்யாவுக்கும் இறுதி ஆட்டம் ஏப்ரல் 12, சனிக்கிழமை. கென்யா ஆடியதோடு மழை குறுக்கிட்டு, மிச்ச ஆட்டம் ஞாயிற்றுக்கிழமைக்குப் போயிற்று. அந்த ஞாயிறு கிள்ளானில் என் சித்தப்பாவுக்குப் பதினாறாம் நாள் காரியம். கல்யாணமாக இருந்தால் மொய்யை மட்டும் கொடுத்தனுப்பிவிட்டு மைதானத்துக்கு ஓடியிருப்பேன். காரியத்துக்கு அப்படிச் செய்ய முடியாது. ஆக, உலகமே பேசுகிற பாதியைக் கோட்டைவிட்டு, யாரும் பேசாத பாதியை மட்டும் கண்ணால் பார்த்தவன் நான். என் ரசனை அதனால்தான் கோணிப்போயிருக்கிறது என்று மச்சான் சொல்வான். இருக்கட்டும்.

ஆட்டம் நடந்தது கிலாட் மைதானத்தில். கிலாட் என்றால் மலாயில் மின்னல். மின்சார நிறுவனத்துக்காரர்களின் கிளப், அதற்குப் பொருத்தமான பெயர். ஏப்ரல் மாதம் மத்தியானத்துக்கு மேல் கோலாலம்பூர் வானத்தை நம்பக் கூடாது என்பது இங்கே பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். அப்படியும் 22 நாடுகளை அந்தப் பருவத்தில் இங்கே வரவழைத்தார்கள். புல் ஆடுகளம் வைத்தால் ஒரு மழைக்குத் தாங்காது என்று செயற்கைத் தரை விரித்திருந்தார்கள். இதைச் சொன்னாலே சிலருக்கு முகம் சுளிக்கிறது. 'பாயில் அடித்த ரன்னெல்லாம் ஒரு ரன்னா' என்பார்கள். பந்து ஒரே மாதிரி எழும்பும், சுழலாது, தேயாது, மட்டைக்காரனுக்குக் கொண்டாட்டம் என்பது அவர்கள் வாதம்.

கொண்டாட்டம் என்றால் மற்றவர்கள் ஏன் கொண்டாடவில்லை? கென்யா 50 ஓவரில் 7 விக்கெட்டுக்கு 241. அதில் டிக்கோலோ ஒருவரே 147. உதிரிகளையும் சேர்த்து மற்ற எல்லோருமாக எடுத்தது 94. அதே தரை, அதே பந்து, அதே வெயில்தான். செயற்கைத் தரையில் பந்து நினைத்ததைவிட ஒரு கை உயரமாக வரும். முன்காலை நீட்டி விளையாடிப் பழகியவனுக்கு மட்டையின் மேல்விளிம்புதான் மிஞ்சும். டிக்கோலோ அந்த உயரத்தைப் பயன்படுத்திக்கொண்டார். பந்து தரையைத் தொடுவதற்கு முன்பே பின்கால் நகர்ந்திருக்கும். அவசரமில்லாமல், திண்ணையில் உட்காரப் போகிறவர் ஒரு அடி பின்வாங்குவது போல. அப்புறம் மணிக்கட்டு மட்டும் வேலை செய்யும்.

நான் உட்கார்ந்திருந்தது பக்கவாட்டில், பாயின்ட்டுக்குப் பின்னால். அந்த இடத்திலிருந்து பார்த்தால் ஓட்டம் தெரியாது, கால் தெரியும். இடக்கைச் சுழல்பந்து ஒன்று, நல்ல பந்து, ஸ்டம்பை விட்டுக் கொஞ்சம் வெளியே. கவருக்கு அடிக்கத்தான் எழுந்தார் என்று நினைத்தேன். கடைசிக் கணத்தில் மட்டையின் முகத்தைத் திறந்து, என் பக்கமாகத் தட்டிவிட்டார். பந்து புல்லில் சத்தமே இல்லாமல் வந்து கயிற்றைத் தொட்டது. பக்கத்தில் இருந்த பங்களாதேஷ்காரர்கள், முழுக் கூட்டமும் அவர்கள்தான், கட்டட வேலைக்கும் தொழிற்சாலை வேலைக்கும் வந்த பையன்கள், கத்திக்கொண்டிருந்தவர்கள், அந்த ஒரு பந்துக்கு மட்டும் வாயடைத்துப்போனார்கள். திட்டவில்லை. பந்து எங்கே போயிற்று என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

எனக்கு அந்த நான்கு ரன் போதும். சிக்ஸரெல்லாம் யார் வேண்டுமானாலும் அடிக்கலாம்.

மழைக்குப் பிறகு நடந்த கணக்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. 25 ஓவரில் 166 என்று இலக்கு வைத்தார்கள். மழையில் ஓவர் குறைந்தால் இலக்கைத் திருத்துகிற டக்வொர்த்-லூயிஸ் முறை அந்த வருஷம் ஜனவரி முதல் தேதி ஹராரேயில்தான் முதல்முதலாகக் களத்துக்கு வந்திருந்தது, நான்கு மாதம்கூட ஆகாத குழந்தை. பழைய சராசரிக் கணக்காக இருந்தால் பாதி ஓவருக்குப் பாதி ரன், 121 எடுத்தாலே கோப்பை. டிக்கோலோவின் உழைப்பில் பாதியை மழை அடித்துக்கொண்டு போயிருக்கும். புதுக் கணக்கு அவருக்கு நியாயம் செய்தது. அப்படியும் பங்களாதேஷ் எடுத்துவிட்டது. கடைசி ஓவரில் 11 வேண்டும். மார்ட்டின் சூஜியின் முதல் பந்தையே மசூத் சிக்ஸருக்குத் தூக்கினார். மிச்சத்தை நீங்களே சொல்வீர்கள்.

இந்த 166 என்ற எண்ணில் ஒரு விளையாட்டு இருக்கிறது. அதற்கு முந்தைய வருஷம், 1996 பிப்ரவரி 29, புனே. கென்யா எடுத்தது 166தான். அதை வைத்துக்கொண்டு லாராவும் ரிச்சர்ட்சனும் இருந்த மேற்கிந்தியத் தீவுகளை 93 ரன்னில் சுருட்டினார்கள். புனேயில் தாங்கிய 166 கிலாட்டில் தாங்கவில்லை. அதே உலகக் கோப்பையில் கண்டியில் இலங்கை 398 குவித்த ஆட்டத்தில் டிக்கோலோ 96. அந்த நாலு ரன்னுக்காக நான் இன்னும் வருத்தப்படுகிறேன். ஜெயசூரியா, அரவிந்த டி சில்வா என்று உலகம் அன்றைக்கும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. இந்த மனிதருக்கு எப்போதும் பக்கத்து மேடையில்தான் கச்சேரி.

மச்சானின் கட்சி வேறு. அவனுக்கு அந்தத் தொடரின் இன்னிங்ஸ் என்றால் பங்களாதேஷ் கேப்டன் அக்ரம் கான் நெதர்லாந்துக்கு எதிராக எடுத்த 68. சுங்கை பூலோவில், ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்து மைதானம். எங்கள் தாத்தாமார்கள் பால் வெட்டிய மரத்தின் பெயரில் இருக்கிற இடம் என்பதால் எனக்கும் அந்த மைதானத்தின்மேல் ஒட்டுதல் உண்டு. 15 ரன்னுக்கு 4 விக்கெட், நடுவில் மழை, திருத்திய இலக்கு, கேப்டன் ஒருவராக நின்று கரையேற்றினார். அன்றைக்குத் தோற்றிருந்தால் அரையிறுதி இல்லை, 1999 உலகக் கோப்பை இல்லை, நார்த்தாம்ப்டனில் பாகிஸ்தானை வென்றது இல்லை, 2000-ல் டெஸ்ட் தகுதி இல்லை. ஒரு நாட்டின் கிரிக்கெட்டே அந்த 68 ரன்னில் தொங்கியது என்பான் மச்சான். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவன் சொல்வது முக்கியத்துவம், நான் சொல்வது அழகு. உயிரைக் காப்பாற்றிய மருந்து இனித்தது என்று யாரும் சொல்வதில்லையே.

இளவட்டங்களுக்கோ 2023 தகுதிச்சுற்றுதான் வேதம். ஹராரே, நெதர்லாந்து, மேற்கிந்தியத் தீவுகள், இரண்டு பக்கமும் 374, சூப்பர் ஓவரில் ஜேசன் ஹோல்டரின் ஆறு பந்தில் லோகன் வான் பீக் 30 ரன் அடித்து, உடனே பந்தையும் வாங்கி அவரே வீசி ஜெயித்தது. நல்ல வேடிக்கை, மறுக்கவில்லை. கைப்பேசியில் இரண்டு நிமிடத்தில் பார்த்துவிடலாம். டிக்கோலோவின் 147-ஐ அப்படிப் பார்க்க முடியாது. அது ஒருநாள் சர்வதேச ஆட்டக் கணக்கிலேயே சேரவில்லை. அவருடைய மூவாயிரத்துச் சொச்ச ரன்னில் இந்த 147 கிடையாது. அது எங்கே இருக்கிறது என்று கேட்டால், அன்றைக்கு அங்கே உட்கார்ந்திருந்தவர்கள் தலைக்குள் இருக்கிறது. அவர்களிலும் பெரும்பாலோர் மறுநாளை நினைத்துக்கொண்டு இதை மறந்துவிட்டார்கள்.

ஐசிசி டிராபியின் ருசியே அதுதான் என்று எனக்குப் படுகிறது. கணக்கில் சேராத ஆட்டம், ஆனால் தோற்றவனுக்கு நாலு வருஷம் போயிற்று. 1979-ல் இங்கிலாந்தில் தொடங்கிய முதல் தொடரில் அரசியல் காரணத்துக்காக இஸ்ரேலுடன் ஆட மறுத்துப் புள்ளியைத் தூக்கிக்கொடுத்துவிட்டு, அப்படியும் கோப்பையை வாங்கிப்போனது இலங்கை. 1986-ல் பப்புவா நியூகினி 60 ஓவரில் ஜிப்ரால்டரை 455 ரன்னுக்கு வெளுத்தது. 86-லும் 90-லும் இறுதியில் ஜிம்பாப்வேயிடமே தோற்ற நெதர்லாந்து கடைசியில் 96 உலகக் கோப்பைக்கு வந்து சேர்ந்தபோது, நோலன் கிளார்க்குக்கு 47 வயது. நம் ஊரில் 47 வயதில் கிரிக்கெட் ஆடினால் மனைவி மட்டையை ஒளித்துவைப்பாள். 94-ல் நைரோபியில், சொந்த மண்ணில், கென்யா இறுதியில் தோற்றதும் இதில் சேர்த்தி. பல நாட்டுக்காரர்களைச் சேர்த்துக்கொண்டு வந்த ஐக்கிய அரபு அமீரகத்திடம் தோற்றார்கள். அந்தக் கசப்பு ஆறுவதற்குள் கிலாட்.

இப்போது அந்தப் போட்டிக்குப் பெயரும் மாறிவிட்டது, முறையும் மாறிவிட்டது. தகுதிச்சுற்று என்கிறார்கள். கோப்பை என்று சொன்னால் ஜெயிப்பதற்கு. தகுதிச்சுற்று என்றால் வாசலில் நிற்பதற்கு. 97-ல் மூன்று இடம் இருந்தது. பங்களாதேஷ், கென்யா, மூன்றாவதாக ஸ்காட்லாந்து. அயர்லாந்து அரையிறுதியில் கென்யாவிடம் 7 ரன்னில் தோற்று, மூன்றாம் இடத்து ஆட்டத்திலும் தோற்று வெறுங்கையோடு திரும்பியது. வலிதான், ஆனால் களத்தில் வந்த வலி. 2018-ல் உலகக் கோப்பையைப் பத்து அணிக்குச் சுருக்கிவிட்டு, ஜிம்பாப்வேயில் இரண்டே இடத்துக்குப் பத்து அணிகளை மோதவிட்டார்கள். ஹராரேயில் மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராக ஸ்காட்லாந்து ஐந்து ரன் பின்தங்கியிருந்தபோது மழை வந்து கதை முடிந்தது. அதற்குச் சற்று முன் ஸ்காட்லாந்தின் பெரிங்டனுக்கு எல்பிடபிள்யூ கொடுத்தார்கள். பந்து லெக் ஸ்டம்பை விட்டுப் போவதைத் தொலைக்காட்சியில் உலகமே பார்த்தது. மேல்முறையீடு செய்ய டிஆர்எஸ் கிடையாது. சின்ன அணிகளின் ஆட்டத்துக்கு அந்தச் செலவு எதற்கு என்று யாரோ ஒரு கோட்டுப்போட்டவர் முடிவு செய்திருக்கிறார். 97-ல் டிஆர்எஸ் என்ற பேச்சே இல்லாதபோது கூட எனக்கு இவ்வளவு எரிச்சல் வந்ததில்லை. 2023-ல் அதே ஹராரேயில் ஸ்காட்லாந்து மேற்கிந்தியத் தீவுகளை வென்று உலகக் கோப்பைக்கு வெளியே நிறுத்தியபோது நான் கோழிக்கறி ஆக்கச் சொன்னேன். ஸ்காட்லாந்துக்கும் கடைசியில் இடம் கிடைக்கவில்லை என்பது வேறு விஷயம்.

ஆட்டமும் மாறிப்போயிற்று. டெஸ்ட் தகுதி இல்லாத இன்றைய அசோசியேட் அணிகளில் திறமைக்குக் குறைவில்லை, உடம்பு இரும்பு மாதிரி, பந்தை எறியும் வேகமும் வேறு. எல்லாம் இருபது ஓவருக்கு ஏற்ற தயாரிப்பு. 15-வது ஓவரிலிருந்து 40-வது ஓவர் வரை ஒருவன் தன் பாட்டுக்கு நின்று, அடிக்க வேண்டிய பந்தை மட்டும் அடித்து, நாலு பேர் அவுட்டாகிப் போவதை மறுமுனையிலிருந்து பார்த்துக்கொண்டு, முகத்தில் ஒன்றும் காட்டாமல் அடுத்த பந்துக்குக் குனிகிற அந்தப் பொறுமையை இப்போது யாரும் கற்றுக்கொடுப்பதாகத் தெரியவில்லை.

கென்யாவின் கதையைச் சொன்னால் இன்னும் வயிற்றெரிச்சல். 2003-ல் டிக்கோலோவே கேப்டனாக இருந்து உலகக் கோப்பை அரையிறுதி வரை கொண்டுபோனார். டர்பனில் இந்தியாவிடம் தோற்ற அன்றும் அந்த அணியில் அரைச் சதம் தாண்டியவர் அவர்தான். பதினோரு வருஷத்தில், 2014-ல், ஒருநாள் சர்வதேசத் தகுதியே போயிற்று. டிக்கோலோ பின்னாளில் பக்கத்து நாடான உகாண்டாவுக்குப் பயிற்சி கொடுக்கப் போனார். 2024 டி20 உலகக் கோப்பையில் ஆடியது உகாண்டா. கென்யா இல்லை.

கிலாட் ஆட்டம் முடிந்த மறுநாள் திங்கட்கிழமை, 1997 ஏப்ரல் 14, நமக்கும் வருஷப்பிறப்பு, வங்காளிகளுக்கும் வருஷப்பிறப்பு. டாக்காவில் அணிக்கு ஊரே திரண்டு வரவேற்பு கொடுத்தது. எங்கள் வீட்டில் துக்கம் என்பதால் பலகாரம் இல்லை. காலையில் பங்சாரில் பத்திரிகை வாங்கப் போனேன். வாங்கின பத்திரிகையில் டிக்கோலோவின் பெயரைத் தப்பாகப் போட்டிருந்தார்கள், அதுவும் கடைசி வரியில். கடைவாசலில் வழக்கமாக மூட்டை இறக்குகிற பங்களாதேஷ் பையன், சனிக்கிழமை எனக்கு இரண்டு ஆள் தள்ளி உட்கார்ந்திருந்தவன், ஒரு டப்பா நிறைய இனிப்போடு நின்று போவோர் வருவோருக்கெல்லாம் நீட்டிக்கொண்டிருந்தான். துக்கம் என்று சொல்ல மனம் வராமல் ஒன்றை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். கடைசிப் பந்தைப் பற்றி ஆரம்பித்தான், மலாயில், கையையும் காலையும் ஆட்டி. முடிக்கும்வரை கேட்டுக்கொண்டு, அந்தக் கென்யாக்காரன் ஆடியது எப்படி என்று கேட்டேன்.

டப்பாவை மூடினான். "அங்கிள், நேற்று எனக்குப் பயமில்லை. சனிக்கிழமைதான் பயந்தேன்" என்றான்.