டெத் மெட்டலை எப்படிக் கேட்பது?

டெத் மெட்டல் என்ற பெயர் காதில் விழுந்த மாத்திரத்தில், ஒரு பாட்டையேனும் முழுமையாகக் கேளாமல், 'வெறும் இரைச்சல்' என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு விலகிப் போகிறவர்களைக் காணும்போது எனக்கு உண்டாகும் எரிச்சலுக்கு அளவில்லை. எந்தச் சங்கீதத்துக்கும் அதற்குரிய லட்சணம் உண்டு. அதை அறிந்துகொள்ள அரை மணி நேரம் செலவிட மனமில்லாதவர்கள் அதன் குணதோஷங்களைப் பேசுவது நியாயமாகாது. ஆகவே, தயங்கி நிற்பவர்களுக்கு ஒரே ஓர் இசைத்தட்டைச் சிபாரிசு செய்கிறேன்: சுவீடன் தேசத்து பிளட்பாத் குழுவினர், பழைய டெத் மெட்டலின் மீதுள்ள பக்தியால், 2002-இல் வெளியிட்ட 'ரெசரெக்‌ஷன் த்ரூ கார்னேஜ்'.

பூர்வாங்கமான விஷயங்கள் சிலவே. 1980-களின் நடுவில் கலிபோர்னியாவின் பொஸஸ்டு, புளோரிடாவின் டெத் முதலிய குழுக்களிடம் உருப்பெற்ற சம்பிரதாயம் இது. கிதாரின் சுருதி இயல்புக்குக் கீழே இறக்கப்பட்டிருக்கும், குரல் உறுமும். அந்தக் குரலில் மெட்டைத் தேடாதீர்கள். அதைத் தாள வாத்தியமாகக் கொள்ளுங்கள். மெட்டு இருப்பது கிதாரில் திரும்பத் திரும்ப வரும் சிறு இசைத்தொடர்களாகிய 'ரிஃப்'களில். ஒரு ரிஃப் எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று காது கண்டுகொண்டால் பாதி வேலை முடிந்தது.

இனி, விமரிசகர்கள் பெரும்பாலோர் கவனிக்கத் தவறும் விஷயத்துக்கு வருகிறேன். சுவீடன் பாணி என்றதும் எல்லோரும் கிதாரின் நாதத்தைப் பற்றியே பேசுகிறார்கள். ஜப்பானிய நிறுவனமாகிய பாஸ் 1983-இல் வெளியிட்ட எச்.எம்.-2 என்ற, கிதாரின் ஒலியை மாற்றும் பெடலின் நான்கு திருகுகளையும் எல்லை வரை திருப்பிவிட்டால், மரம் அறுக்கும் ரம்பத்தைப் போன்றதோர் ஒலி பிறக்கிறது. ஸ்டாக்ஹோமின் சன்லைட் ஸ்டூடியோவில் தாமஸ் ஸ்கோக்ஸ்பெர்க் பதிவுசெய்த என்டூம்ட் குழுவின் 'லெஃப்ட் ஹாண்ட் பாத்' (1990), டிஸ்மெம்பரின் 'லைக் அன் எவர்ஃப்ளோயிங் ஸ்ட்ரீம்' (1991) ஆகிய தட்டுகளால் அது உலகப் பிரசித்தி பெற்றது. வாஸ்தவந்தான். ஆனால் நாதம் வேறு, நடை வேறு. நாதத்தைக் கடையில் வாங்கலாம். நடையை வாங்க முடியாது.

நடை என்று நான் சொல்வது டிரம்ஸின் போக்கை. அதே காலத்தில் புளோரிடாவின் டாம்பா நகரத்து மோரிசவுண்ட் ஸ்டூடியோவில் பதிவான தட்டுகளைக் கேளுங்கள்: 'ஆல்டர்ஸ் ஆஃப் மாட்னஸ்' (1989) தட்டில் மோர்பிட் ஏஞ்சலின் பீட் சாண்டோவால் கையும் காலும் சமமாக, இடைவெளியே இல்லாமல், கேட்பவரை மூச்சு முட்ட வைக்கும் வேகத்தில் அடிப்பார், அங்கே அழகு துல்லியத்தில். ஸ்டாக்ஹோம் பிள்ளைகளோ டிஸ்சார்ஜ் என்ற ஆங்கிலேய பங்க் குழுவிடமிருந்து வந்த 'டி-பீட்' என்னும் தாளத்தில் ஊறியவர்கள். அதில் காலடியின் மேளம் சமமாக விழாமல் இடையிடையே முந்திக்கொண்டு துள்ளுகிறது. முன்னே சாய்ந்து ஓடும் ஒரு வேகம் அதனால் பிறக்கிறது. என்டூம்ட்டின் டிரம்ஸ் கலைஞர் நிக்கி ஆண்டர்சன் பிற்பாடு ஹெலகாப்டர்ஸ் என்ற ராக் குழுவைத் தொடங்கியதில் எனக்கு ஆச்சரியமே இல்லை. அந்தத் துள்ளல் அவர் கால்களில் முன்பே இருந்தது. எச்.எம்.-2 பெடலை வாங்கி மாட்டிக்கொண்டு, அடியில் புளோரிடாவின் சம வேகத்தை ஓடவிட்டு, 'பழைய சுவீடன் பாணி' என்று விளம்பரம் செய்யும் இன்றைய குழுக்கள் வேஷத்தை மட்டுமே தரித்திருக்கின்றன. அவற்றைப் பாராட்டி எழுதுகிறவர்கள் டிரம்ஸைக் கேட்பதே இல்லை என்பது என் திடமான அபிப்பிராயம்.

பிளட்பாத்தின் பெருமை இங்கேதான். சுவீடனின் நாகரிகம் முழுதும் கோதன்பர்க் நகரத்து இனிய மெட்டுகளின் பக்கம் சாய்ந்திருந்த காலத்தில் அவர்கள் ஸ்டாக்ஹோமின் பழைய நடைக்குத் திரும்பினார்கள். எட்ஜ் ஆஃப் சானிட்டியின் பாடகர் டான் ஸ்வானோ இதில் டிரம்ஸ். காட்டடோனியாவின் பாடகர் ஜோனஸ் ரெங்க்சே பேஸ் கிதார். அதே குழுவின் ஆண்டர்ஸ் நிஸ்ட்ராம் கிதார். பாடுபவர் ஓப்பத் குழுவின் மிக்கேல் ஆகெர்ஃபெல்ட். பாடத் தெரிந்தவர் டிரம்ஸின் முன் அமர்ந்திருப்பதால்தானோ என்னவோ, ஸ்வானோவின் அடிகள் பாட்டுக்கு மூச்சுவிட இடம் தருகின்றன. 'போலி' என்று இதை ஒதுக்கியவர்கள் உண்டு. பரம்பரையை ஏற்று வாசிப்பது போலியென்றால் உலகில் பாதிச் சங்கீதம் போலியாகிவிடும்.

உங்களிடம் மட்டும் ஒன்று சொல்கிறேன். இரண்டாவது தட்டான 'நைட்மேர்ஸ் மேட் ஃப்ளெஷ்' (2004) இதைவிட உயர்ந்தது என்று நண்பர்கள் சாதிப்பார்கள். அதில் ஸ்வானோ கிதாருக்கு மாறிவிட, டிரம்ஸில் மார்ட்டின் ஆக்ஸென்ரட் அமர்ந்தார். அபாரமான வித்வான், சந்தேகமில்லை. இருந்தும் நான் முதல் தட்டைத்தான் திரும்பத் திரும்பப் போடுகிறேன். 'வேஸ் டு த கிரேவ்' என்ற முதல் பாட்டைக் கேட்கும்போது கிதாரை மறந்துவிட்டு, கால் மேளத்தை மட்டும் பின்தொடர்ந்து பாருங்கள். மறுமுறை கேட்கும்போது கிதார் தானாக வந்து சேரும்.