செவ்வாய்க் கிரகத்தார் வந்த இரவும் வானொலி நேயர்களும்

1938-ஆம் ஆண்டு ஜூன் 16-ஆம் நாள் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் தொடங்கிற்று. அதற்கு நான்கரை மாதம் கழித்து, அக்டோபர் 30-ஆம் நாள் ஞாயிற்றுக்கிழமை இரவு எட்டு மணிக்கு, அமெரிக்காவின் சி.பி.எஸ். வானொலி ஒரு மணி நேர நாடகம் ஒன்றை ஒலிபரப்பியது. எச்.ஜி. வெல்ஸ் 1898-இல் நூலாக வெளியிட்ட 'உலகங்களின் போர்' என்ற விஞ்ஞானக் கதைதான் அது. நடித்து இயக்கியவர் ஆர்சன் வெல்ஸ். அப்போது அவருக்கு வயது 23. வானொலிக்கேற்ப எழுதிக் கொடுத்தவர் ஹோவர்ட் காக்.

இந்த நாடகத்தைப் பற்றி வாசகர்களில் பலர் கேள்விப்பட்டிருக்கலாம். "செவ்வாய்க் கிரகத்தார் வந்துவிட்டதாக வானொலியில் கேட்டு, லட்சக்கணக்கான அமெரிக்கர்கள் வீட்டைவிட்டு ஓடினார்கள்" என்று நானும் பல ஆண்டுகளாக வகுப்பில் சொல்லி வந்திருக்கிறேன். மாணவர்கள் சிரிப்பார்கள். விஞ்ஞான மனப்பான்மை இல்லாவிட்டால் இப்படித்தான் ஆகும் என்று முடிப்பேன். நாடகத்தை நான் முழுமையாகக் கேட்டதில்லை என்பதை மட்டும் சொல்வதில்லை! அண்மையில் அதன் ஒலிப்பதிவை இயற்பியல் ஆய்வுக்கூடத்திலேயே ஒலிபெருக்கியை வைத்து மாணவர்களுடன் கேட்டேன். ஆங்கிலம் சிரமம் என்பதால், கதையின் போக்கை முன்னதாகவே தமிழில் சொல்லிவிட்டேன்.

முதலில் நாடகத்தைப் பற்றி. முன்னுரை முடிந்ததும் வானிலை அறிக்கை. பிறகு ஒரு ஓட்டலிலிருந்து நடன இசை. இசை நடுவே நின்று ஒரு செய்தி வருகிறது: செவ்வாயில் வாயு வெடிப்புகள் தெரிகின்றனவாம். மறுபடி இசை. பிறகு பிரின்ஸ்டன் வானாய்வுக் கூடத்தில் ஒரு பேராசிரியரின் பேட்டி; அவர் பயப்பட ஒன்றுமில்லை என்கிறார். மறுபடி இசை. நியூஜெர்சியில் ஒரு பண்ணையில் பெரிய உலோக உருளை விழுந்திருக்கிறது. செய்தியாளர் அங்கே ஓடுகிறார். உருளையின் மூடி திறக்கிறது. உள்ளிருந்து வந்ததை அவர் விவரித்துக்கொண்டே இருக்கும்போது, வாக்கியத்தின் பாதியில் ஒலி நின்றுவிடுகிறது. சில விநாடிகள் ஒன்றுமே இல்லை.

அந்தக் கணத்தில் எங்கள் ஆய்வுக்கூடத்தில் ஒரு மாணவன் எழுந்து போய், ஒலிபெருக்கியின் வயர் கழன்றுவிட்டதா என்று பார்த்தான். எண்பது ஆண்டு கடந்தும் அந்த மௌனம் வேலை செய்கிறது! செய்தியாளராக நடித்த ஃபிராங்க் ரீடிக், 1937 மே 6-ஆம் நாள் 'ஹிண்டன்பர்க்' ஆகாயக் கப்பல் எரிந்து விழுந்ததை நேரில் விவரித்த வானொலிப் பதிவைத் திரும்பத் திரும்பக் கேட்டுத் தயார் செய்துகொண்டாராம். அவர் குரலில் உள்ள திணறல் நடிப்பாகவே தோன்றவில்லை.

நாடகத்தின் திகில் முழுவதும் முதல் நாற்பது நிமிடத்தில்தான். இடைவேளைக்குப் பின் தப்பிப் பிழைத்த பேராசிரியர் தனியாக அலைந்து தனக்குத்தானே பேசிக்கொள்கிறார். செவ்வாய்க் கிரகத்தார் நம் பூமியின் நுண்கிருமிகளை எதிர்க்கச் சக்தியின்றி மடிகிறார்கள். வெல்ஸின் மூலக்கதையில் அந்த முடிவு கம்பீரமாக இருக்கும். இங்கே மேடைப் பேச்சுபோல் நீள்கிறது. மாணவர்களில் சிலர் கொட்டாவி விட்டார்கள்; நான் கண்டிக்கவில்லை.

விஞ்ஞானத்தைப் பொறுத்தவரை நாடகம் ஓட்டைச் சல்லடை. செவ்வாய் சுமார் 4 கோடி மைல், அதாவது 6.4 கோடி கிலோமீட்டர் தொலைவில் இருப்பதாகப் பேராசிரியர் சொல்கிறார். வெடிப்பு தெரிந்த அதே இரவில் உருளை வந்து விழுகிறது. தாராளமாக ஒரு மணி நேரம் கொடுப்போம். 6.4 கோடியை 3,600-ஆல் வகுத்தால் விநாடிக்கு ஏறத்தாழ 18,000 கிலோமீட்டர். ஒளியின் வேகத்தில் நூற்றுக்கு ஆறு பங்கு. அந்த வேகத்தில் பூமியில் மோதும் உருளை ஒரு பண்ணையில் குழி தோண்டுவதோடு நிற்காது, பண்ணையே மிஞ்சாது. நம் மங்கள்யான் 2013 டிசம்பர் 1-ஆம் நாள் புவியின் பிடியை விட்டுக் கிளம்பி, 2014 செப்டம்பர் 24-ஆம் நாள்தான் செவ்வாயை எட்டியது. ஏறத்தாழப் பத்து மாதம்! இன்னொன்றும் உண்டு. அந்த 1938 அக்டோபரில் செவ்வாய், சூரியனுக்கு அப்பால், முப்பது கோடி கிலோமீட்டருக்கும் அதிகத் தொலைவில் இருந்தது. விடியலுக்குச் சற்று முன்தான் கீழ்வானில் எழும். இரவு எட்டு மணிக்கு வெளியே வந்து அண்ணாந்து பார்த்தவருக்கு அது தென்பட்டே இராது.

இத்தனை ஓட்டைகள் இருந்தும் நேயர்கள் எப்படி நம்பினார்கள்? பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்து உளவியல் அறிஞர் ஹாட்லி காண்ட்ரில் இதை ஆராய்ந்து 1940-இல் ஒரு நூல் வெளியிட்டார். சுமார் 60 லட்சம் பேர் கேட்டார்கள், அவர்களில் 12 லட்சம் பேர் கலங்கினார்கள் என்பது அவர் மதிப்பீடு. நான் வகுப்பில் சொன்ன கதைக்கு வேர் இங்கேதான். ஆனால் அவர் குழு விரிவாகப் பேட்டி கண்டது நியூஜெர்சியில் 135 பேரை; அவர்களிலும் பெரும்பாலோர் பயந்தவர்கள் என்று தெரிந்தே தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். காய்ச்சல் வார்டில் மட்டும் வெப்பமானியை வைத்து ஊர் முழுதும் காய்ச்சல் என்று சொல்ல முடியுமா? அதே இரவில் ஹூப்பர் நிறுவனம் 5,000 வீடுகளுக்குத் தொலைபேசியில் எடுத்த கணக்கில், இந்த நாடகத்தைக் கேட்பதாகச் சொன்னவர்கள் நூற்றுக்கு இருவர்தான். மற்றவர்களில் பலர் வேறு நிலையத்தில் எட்கர் பெர்கனின் பேசும் பொம்மை நிகழ்ச்சியில் மூழ்கியிருந்தார்கள். மறுநாள் பத்திரிகைகள் "நாடே நடுங்கியது" என்று கொட்டை எழுத்தில் போட்டன. விளம்பர வருவாயைப் பறித்துக்கொண்டிருந்த வானொலிமேல் பத்திரிகைகளுக்கு அப்போது நல்ல அபிப்பிராயம் இல்லை என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

நேயர்களே எழுதிய கடிதங்களும் கிடைத்திருக்கின்றன. வெல்ஸுக்கு வந்த ஏறத்தாழ 1,400 கடிதங்கள் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பாதுகாக்கப்படுகின்றன. பிராட் ஷ்வார்ட்ஸ் என்பவர் அவற்றைப் படித்து 2015-இல் ஒரு நூல் எழுதினார். வெல்ஸுக்கு எழுதியவர்களில் பெரும்பாலோர் பாராட்டியிருக்கிறார்கள். அரசாங்கத் தகவல் தொடர்பு ஆணையத்துக்கு எழுதியவர்களில் கண்டித்தவர்கள் அதிகம். இது இயல்பே; குறை சொல்ல வேண்டியவன்தான் அரசாங்கத்துக்கு மனுப் போடுவான். பயந்தவர்கள் இருந்தார்கள், உண்மை. ஆனால் தெருவெல்லாம் ஓடிய ஜனக்கூட்டம் பெரும்பாலும் பத்திரிகைத் தாளில்தான் ஓடிற்று. என் வகுப்பிலும் ஓடிற்று.

காண்ட்ரிலின் நூலை இதற்காக ஒதுக்கிவிடக் கூடாது. எத்தனை பேர் என்பதில் அவர் தவறியிருக்கலாம். எப்படி என்பதில் அவர் தந்திருக்கும் செய்தி பொன் போன்றது. சிலர் நாடகத்துக்குள்ளேயே நேரக் கணக்கு உதைப்பதைக் கவனித்துத் தெளிந்தார்கள். சிலர் வேறு நிலையத்தைத் திருப்பிப் பார்த்துத் தெளிந்தார்கள். இன்னும் சிலர் சோதித்துப் பார்த்தும் தெளியவில்லை. ஒருவர் சன்னல் வழியே பார்த்தார். சாலை நிறையக் கார்கள். எல்லோரும் தப்பி ஓடுகிறார்கள் என்று முடிவு கட்டினார். இன்னொருவர் பார்த்தார், சாலையில் ஒரு காரும் இல்லை. வழியெல்லாம் அழிந்துவிட்டதால்தான் கார் வரவில்லை என்று முடிவு கட்டினார்! கார் இருந்தாலும் சான்று, இல்லாவிட்டாலும் சான்று. எந்த விடை வந்தாலும் ஒரே முடிவைத் தரும் சோதனை, சோதனையே அல்ல. ஆய்வுக்கூடத்தில் வரைபடத்துக்குப் பொருந்தாத புள்ளியை ரப்பரால் அழிக்கும் மாணவருக்கும் இது பொருந்தும்.

பயந்தவர்களில் பலர் நினைத்தது செவ்வாய்க் கிரகத்தாரையே அல்ல என்பது இன்னொரு செய்தி. ஜெர்மானியர் தாக்குகிறார்கள், விஷவாயு வருகிறது என்றே அவர்கள் எண்ணினார்கள். முனிச் நெருக்கடி நடந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. முதல் உலகப் போரில், 1915-இல் ஈப்ரு நகரருகே குளோரின் வாயு தரையோடு தவழ்ந்து வந்ததை அந்தத் தலைமுறை மறக்கவில்லை. நாடகத்திலும் கரும்புகை தவழ்ந்து வருகிறது. கூரைமேல் நின்று அறிவிப்பவர் அதிலேயே சாய்கிறார்.

இந்தக் கட்டத்தில் நான் ஏதோ வேடிக்கையாகச் சொன்னேன். எண்ணூர்ப் பக்கத்துக் குப்பத்திலிருந்து வரும் ஒரு மாணவி எழுந்தார். "சார், ஓடுனவங்கள முட்டாள்னு சொல்லாதீங்க. அன்னைக்கு ராத்திரி நாங்களும் ஓடுனோம். மூக்குல ஏறிடுச்சுன்னா அப்புறம் கணக்கெல்லாம் போட முடியாது" என்றார். வகுப்பில் யாரும் சிரிக்கவில்லை.

அவர் சொன்னது 2023 டிசம்பர் 26-ஆம் நாள் நள்ளிரவை. உரத் தொழிற்சாலைக்கு அமோனியா கொண்டுவரும் கடலடிக் குழாயில் கசிவு ஏற்பட்டு, பெரியகுப்பம், சின்னகுப்பம் மக்கள் கண் எரிச்சலோடும் மூச்சுத் திணறலோடும் இருட்டில் வெளியேறினார்கள். பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். அவர்களுக்கு முன்கூட்டி அறிவிக்க எந்தக் குரலும் வரவில்லை, மூக்குதான் அறிவித்தது. அமோனியா காற்றைவிட லேசானது, மேலே போய்விடும் என்று பாடப்புத்தகம் சொல்லும். ஆனால் குளிர்ந்த நிலையில் வெளிப்பட்டு ஈரத்தோடு கலந்தால், தரையை ஒட்டியே படரக்கூடும். அந்த இரவில் வகுப்பறைக் கணக்கைப் போட்டுக்கொண்டு படுத்திருந்தவன்தான் அறிவீனன்.

வடசென்னைக்கு இந்த அனுபவம் புதிதல்ல. 1914 செப்டம்பர் 22-ஆம் நாள் இரவு 'எம்டன்' கப்பல் துறைமுகத்தருகே எண்ணெய்த் தொட்டிகளைக் குண்டு வீசி எரித்தது. ஜனங்கள் மூட்டை முடிச்சோடு பட்டணத்தைவிட்டுக் கிளம்பினார்கள். 1942 ஏப்ரலில், ஜப்பானியர் வரக்கூடும் என்று அரசாங்கமே மக்களை வெளியேறச் சொல்லிற்று. அவர்கள் வரவில்லை. ஓடியவர்களை யாராவது முட்டாள்கள் என்பார்களா?

ஆகவே, நாடகத்தைக் குறித்து என் ஆட்சேபம் வேறு. ஆபத்தை அறிவிக்கும் குரலையே அது வேஷமாகப் போட்டுக்கொண்டது. நாடகத்தில் ஜனாதிபதி பேசுவதாக இருந்ததை நிலையத்தார் தடுத்து, உள்துறைச் செயலர் பேசுவதாக மாற்றினார்கள். நடிகரோ ரூஸ்வெல்ட்டின் குரலிலேயே பேசிவிட்டார். இதையே இங்கே போட்டுப் பார்க்கலாம். காசிமேட்டில் கடலுக்குப் புறப்படுகிறவர், துறைமுகத்தில் எத்தனையாம் எண் புயல் கூண்டு ஏற்றியிருக்கிறார்கள் என்பதை வானொலியில் கேட்டுப் படகை இறக்குகிறார். அந்த அறிவிப்பின் குரலில் ஒருவர் விளையாட்டாக ஒரு புயலைச் சொன்னால், அடுத்த உண்மைப் புயலுக்கு யார் கரை திரும்புவார்கள்? ஈக்வடார் நாட்டில் 1949 பிப்ரவரி 12-ஆம் நாள் கீட்டோ வானொலி இதே கதையை உள்ளூர்ப் பெயர்களோடு ஒலிபரப்பியது. ஏமாற்றப்பட்டோம் என்று தெரிந்த கூட்டம் நிலையம் இருந்த பத்திரிகைக் கட்டடத்துக்கே தீ வைத்தது. குறைந்தது ஆறு பேர் மாண்டார்கள். அங்கே உயிர்களைப் பறித்தது பயமன்று, ஏமாந்த ஆத்திரம். அமெரிக்காவில் சி.பி.எஸ். நிறுவனம், மக்களைக் கலவரப்படுத்தும் விதத்தில் செய்தி வடிவத்தை இனி நாடகத்தில் கையாள்வதில்லை என்று உறுதி கூறியதோடு விஷயம் முடிந்தது. ஆர்சன் வெல்ஸுக்கு ஹாலிவுட் கதவு திறந்தது.

நாடகத்தைக் கட்டாயம் கேளுங்கள் என்றே மாணவர்களுக்குச் சொல்வேன். இரவில், விளக்கை அணைத்து, நடுவே நிறுத்தாமல் முதல் நாற்பது நிமிடம் கேட்க வேண்டும். மறுநாள் காலையில் தாளும் பென்சிலும் எடுத்துக்கொண்டு இரண்டாம் முறை கேட்டு, எந்த நிமிடத்தில் எந்தச் செய்தி உங்களைத் தெளிவித்திருக்கும் என்று குறித்துக்கொள்ளுங்கள். என் தாளில் ஒன்பது குறிப்புகள் இருந்தன. அந்த எண்ணூர் மாணவி பதினொன்று எழுதி வந்திருந்தார்.