எட்டாவது கிராஸில் என் சரளி வரிசை

என் இடது கை ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் கொஞ்சம் பாருங்கள்! நுனியில் கறுப்பாக, லேசான பள்ளமாக ஒரு கோடு ஓடுகிறது, தெரிகிறதா? வீணைத் தந்தி பதிந்த கோடு சார் அது! ஆபீஸில் யார் வந்தாலும் முதலில் இதைத்தான் காட்டுகிறேன். காபி ஆறிப்போனாலும் பரவாயில்லை, கதை முழுக்கச் சொல்லாமல் விடுவதில்லை. நாற்பதைத் தாண்டிய வயதில் இப்படி அலைகிறானே என்று சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்!

அதுவும் எந்த ஊரில் கற்றுக்கொள்கிறேன்? மைசூரில்! வீணை சேஷண்ணா (1852–1926) வாழ்ந்த ஊரில்! வீணை போதாதென்று வயலின், ஜலதரங்கம், பியானோ என்று கையில் கிடைத்ததையெல்லாம் வாசித்துத் தள்ளிய மனுஷர். அவருக்குப் பிறகு வெங்கடகிரியப்பா, அவருடைய சீடர் தொரைசாமி ஐயங்கார் என்று ஒரு பரம்பரையே இந்த ஊர்த் தெருக்களில் நடமாடியிருக்கிறது. கோயம்புத்தூரிலிருந்து வேலை மாற்றலாகி இங்கே வந்த எனக்கு, இந்த ஊரில் இருந்துகொண்டு வீணையைத் தொடாமல் திரும்பிப் போனால் நம்மைப் போல ஒரு அசடு உண்டா என்று தோன்றிவிட்டது. தோன்றியதோடு நிற்கவில்லை, வீணை வீட்டுக்கு வந்துவிட்டது.

வந்த புதிதில் இருந்த ஜோர், சரளி வரிசை என்கிற முதல் பாடத்தில் மாட்டிக்கொண்டு முழித்ததையும் சொல்லத்தான் வேண்டும். ஸ ரி க ம ப த நி ஸ. மறுபடி ஸ ரி க ம ப த நி ஸ. இருபத்துநான்கு மெட்டு, வாசிக்க நான்கு தந்தி, தாளத்துக்கு மூன்று தந்தி, இத்தனையும் மடியில் கிடக்க, நான் அந்த எட்டு ஸ்வரத்தைத் தாண்டவே காணோம். விரல் எரியும். என் மகள் சத்தமில்லாமல் காதில் இயர்போனைச் செருகிக்கொள்வாள். கொஞ்சம் கொஞ்சமாக உறையைக் கழற்றவே கை வராமல் போயிற்று.

அப்போதுதான் மாமி அந்த வைத்தியத்தைச் சொன்னார். மாமி என்றால் என் வீணை டீச்சர். மூன்று தலைமுறையாக மைசூர்வாசி. தமிழும் கன்னடமும் ஒரே மூச்சில் கலந்து வரும். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "விரல் வலிக்கறதா? வலிக்கத்தான் செய்யும், அதுக்கு ஒண்ணும் பண்ண முடியாது. இந்த வாரம் பாடம் வேண்டாம். எட்டாவது கிராஸ்ல சாயங்காலம் வீணைக் கச்சேரி, நேரா அங்க போய்க் கேட்டுட்டு வாங்கோ" என்றார்.

எட்டாவது கிராஸ்! வாணி விலாஸ் மொகல்லாவில், ஒண்டிகொப்பல் பக்கம் இருக்கிற சாதாரணத் தெருதான். ஆனால் 1962-இலிருந்து ஒவ்வொரு விநாயக சதுர்த்திக்கும் அந்தத் தெருவே சபாவாகிவிடுகிறது. நடுத்தெருவில் பந்தல், பந்தலுக்குள் மேடை, ஒரு பக்கம் பிள்ளையார், வரிசையாக நாற்காலி. டிக்கெட் கிடையாது, சிபாரிசு கிடையாது. பால் பாக்கெட்டோடு வந்தவர் அப்படியே உட்கார்ந்து ராகம் கேட்பார். நாற்காலி முதுகை இடித்ததும் கொசு கடித்ததும் உண்மைதான், அதையெல்லாம் யார் கவனித்தார்கள்!

இப்போது கண்ணை மூடிக்கொண்டு கற்பனை பண்ணிப் பாருங்கள். மழை பெய்து ஓய்ந்த சாயங்காலம். பந்தல் ஓரத்தில் இன்னும் சொட்டுகிறது. மேடையில் வீணை சுருதி சேர்கிறது. மைசூர் பாணி என்று மாமி சொல்லிச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். தந்தியை அதிகம் இழுக்காமல், நகத்தால் மீட்டி, ஒவ்வொரு ஸ்வரத்தையும் தனித்தனியாகத் தெறிக்க விடுவார்களாம். அது காதில் விழுந்த நொடியில் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஆலாபனை ஆரம்பித்தது. முதலில் ஒன்றும் பிடிபடவில்லை, சும்மா ரசித்துக்கொண்டிருந்தேன். அப்புறம் வித்வானின் இடது கையைப் பார்த்தேன். ஸவுக்கு அடுத்த மெட்டிலேயே ரி. அங்கிருந்து இரண்டு மெட்டைத் தாண்டி க. ஒட்டினாற்போல ம. அட, இந்த வழி எனக்குத் தெரியுமே! மேலே ப, அதை ஒட்டி த, மறுபடி அதே இரண்டு மெட்டுத் தாவல், நி, ஒட்டினாற்போல ஸ! மாயாமாளவகௌளை ராகம்! என் சரளி வரிசையின் ராகம்! சினிமாத் திரையில் திடீரென்று நம்ம தெரு தெரிந்தால் எப்படிக் கத்துவோமோ அப்படிக் கத்தியிருப்பேன், பக்கத்தில் பெரியவர் ஒருவர் இருந்ததால் வாயைப் பொத்திக்கொண்டேன். தினம் தினம் நான் தடுமாறி, திட்டி, எண்ணெய் தடவி, கண்ணீர் விடாத குறையாக ஏறி இறங்குகிற அதே எட்டுப் படியில் அந்தக் கை வழுக்குகிறது, நிற்கிறது, திரும்புகிறது, கீழே பாய்கிறது, எனக்குத் தெரிந்த ஒவ்வொரு ஸ்வரமும் தெரியாத உடுப்பு போட்டுக்கொண்டு வருகிறது, அதற்குப் பிறகு தீட்சிதரின் 'ஸ்ரீநாதாதி குருகுஹோ' தொடங்கியதும், திருத்தணியில் அவர் பாடிய முதல் கீர்த்தனை என்று சொல்வார்களே அதுவேதான், அவரும் வீணைக்காரர்தானே, அவருடைய முதல் பாட்டும் என்னுடைய முதல் பாடமும் ஒரே ராகமா என்று நினைத்த மாத்திரத்தில் எனக்குத் தொண்டை அடைத்து, கண் நிறைந்து, தொடைமேல் விரல் தானாக மெட்டுத் தேட ஆரம்பித்துவிட்டது!

பக்கத்துப் பெரியவர் என் விரலைப் பார்த்தார். "வீணே கலியுத்தித்தீரா?" என்றார், வீணை கற்றுக்கொள்கிறீர்களா என்று. "ஹௌது சார், ஹௌது!" என்று நான் போட்ட சத்தத்தில் முன் வரிசையே திரும்பிப் பார்த்தது.

அன்று ராத்திரி வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றினேனா என்று ஞாபகமில்லை. நேராக வீணைதான்! அதே ஸ ரி க ம, ஆனால் சத்தியமாகச் சொல்கிறேன், அது பயிற்சியாகவே படவில்லை. மேடையில் கேட்ட அந்த 'க' என் விரலுக்கடியில் எங்கே இருக்கிறது என்று தேடித் தேடி மீட்டினேன். ஒரே ஒரு தடவை, ஒரே ஒரு ஸ்வரம், அவர் மீட்டியதற்குப் பக்கத்து வீடு வரைக்கும் போய் வந்தது. என் மகள் இயர்போனைக் கழற்றிவிட்டு, "அப்பா, இது நல்லா இருந்துச்சே" என்றாள். அது போதும் ஒரு வருஷத்துக்கு!

இதைத்தான் எல்லாரிடமும் சொல்லிச் சொல்லி மாய்கிறேன். கற்றுக்கொள்பவனுக்கு ஆசை வற்றினால் சாதகத்தைக் கூட்டிப் பிரயோஜனமில்லை. காதுக்குத் தீனி போடுங்கள், கை தானாக வரும்! மைசூரில் அந்தத் தீனிக்கா பஞ்சம்? குவெம்பு நகரில் சேஷண்ணா பெயரிலேயே ஒரு மண்டபம் இருக்கிறது, அங்கே கேட்கலாம். தசராவில் அரண்மனை முன்னால் உட்கார்ந்து, ஏறக்குறைய ஒரு லட்சம் பல்பு எரிகிற வெளிச்சத்தில் கேட்கலாம். இந்த ஊர் ராஜாக்களே நம்ம கட்சிதான் என்பது தெரியுமா? நான்காம் கிருஷ்ணராஜ உடையாருக்கு வீணையிலிருந்து சாக்ஸபோன் வரை எட்டு வாத்தியம் வாசிக்க வரும். நம்ம ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதர் அவருடைய ஆஸ்தானத்துக்கு வந்துதான் சாமுண்டேஸ்வரிமேல் கன்னடத்தில் 108 கீர்த்தனை பாடினார். அடுத்து வந்த ஜெயசாமராஜ உடையார் பியானோவில் ஊறித் திளைத்தவர். அப்புறம் நம்ம சங்கீதத்துக்குத் திரும்பி 94 கீர்த்தனை எழுதிவிட்டுப் போனார். ராஜாவே திரும்ப ஆனா ஆவன்னாவிலிருந்து வரலாம் என்றால் எனக்கென்ன வெட்கம்?

சௌடையா கதையையும் சொல்லாமல் விடமாட்டேன். பக்கத்துத் திருமகூடலுவில் பிறந்தவர் (1895–1967). மைக் இல்லாத காலத்தில் கடைசி வரிசைக்கு வயலின் கேட்கவில்லையே என்று தவித்து, நாலு தந்தியோடு இன்னும் மூன்றைச் சேர்த்து ஏழு தந்தி வயலின் செய்துகொண்டார். யோசித்துப் பாருங்கள், கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிற முகம் தெரியாத ஆளுக்காக! அந்த ஆள் நான்தான் என்று நினைத்துக்கொண்டுதான் தினமும் வீணை உறையைக் கழற்றுகிறேன். பொய் சொல்வானேன், இப்போதெல்லாம் உறையே போடுவதில்லை. கூடத்தில் பாயை விரித்து அப்படியே வைத்திருக்கிறேன், சாப்பிடப் போகிற வழியில் ஒரு மீட்டு, தூங்கப் போகிற வழியில் ஒரு மீட்டு!

அடுத்த பாடம், ஜண்டை வரிசை ஆரம்பித்தாயிற்று. ஸஸ ரிரி கக மம என்று தெருவே அதிர்கிறது, பக்கத்து வீட்டுக்காரர் மன்னிக்க வேண்டும். மூலையில் வீணையோ வயலினோ தூசி படிந்து கிடக்கிற ஆத்மாக்களே, அடுத்த சதுர்த்திக்குக் கிளம்பி வந்துவிடுங்கள். எட்டாவது கிராஸில், வித்வானின் இடது கை நன்றாகத் தெரிகிற பக்கமாகப் பார்த்து, உங்களுக்கும் சேர்த்துத் துண்டு போட்டு இடம் பிடித்து வைக்கிறேன்!