இதயத்தின் மூலைமட்டம்

எக்கோ ரிப்போர்ட்டில் இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று நோயாளியின் அளவு. பக்கத்திலேயே ‘நார்மல்’ என்று இன்னொன்று. முதலாவது யாருடையது என்று தெரியும். இரண்டாவது யாரோட இதயம்? கேட்டால் மருத்துவரும் சிரிப்பார்.

நார்மா என்றால் லத்தீனில் தச்சரின் மூலைமட்டம். 1943இல் ழார்ஜ் கங்கிலெம் எழுதிய ஆய்வேடு இச்சொல்லை எடுத்துப் பேசுகிறது. (ஃபூக்கோவைப் பேசித் தீர்த்துவிட்ட நாம் அவருடைய ஆசானைத் தொடவேயில்லை.) சராசரியை எண்ணி எடுத்துவிட்டால் நெறி கிடைத்துவிடாது, நெறி ஒரு மதிப்பீடு என்பது அவர் வாதம்.

1953இல் ஸ்வீடனின் லுண்ட் நகரில் எட்லரும் ஹெர்ட்ஸும் இதயத்தின் மேல் வைத்தது உலோகத்தில் விரிசல் தேடும் கருவியை. இரும்புக்கு ஊர் கேட்க வேண்டியதில்லை. இதயத்துக்குக் கேட்க வேண்டும். 2015இல் அமெரிக்க, ஐரோப்பிய சங்கங்கள் வெளியிட்ட வழிகாட்டி, ஆணின் இடது கீழறை விரிந்த நிலையில் 42 முதல் 58.4 மில்லிமீட்டர் வரை இருக்கலாம் என்கிறது. பெரும்பாலும் வெள்ளையர்களை அளந்து வந்த எண்கள் இவை. ஒட்டிய உடம்புள்ள ஒரு ஆப்பிரிக்க விவசாயியின் அறை 42இலிருந்து வீங்கி 55க்கு வந்தாலும் காகிதத்தில் அவன் ‘நார்மல்’தான். உடற்பரப்பால் வகுத்துக்கொள்ளலாமே என்பார்கள். அதற்குப் பெருவழக்கிலுள்ள டுபாய் சூத்திரம் 1916இல் ஒன்பதே பேரை அளந்து செய்தது!

ஆகவே ஆப்பிரிக்கக் கிராமத்துக்குள் போய் அங்குள்ளவர்களையே அளப்போம் என்பது நியாயமான கோரிக்கை. ஆனால் யாரை அளப்பது? மொசாம்பிக்கின் இன்யாரிமேயில் குலுக்கல் முறையில் எடுத்த 1063 பேருக்கு எக்கோ பார்த்த ஆய்வு 2008இல் வெளிவந்தது. 19.8 சதவீதம் பேருக்கு இதய உட்சுவர் நார்த்தடிப்பு நோய். ஐந்தில் ஒருவர். அவர்களில் முக்கால்வாசிப் பேருக்குமேல் எந்த உபாதையும் தெரியாது. இந்த ஊரைச் சராசரி எடுத்தால் நோய் நெறிக்குள் புகுந்து உட்கார்ந்துகொள்ளும். நோயாளிகளைக் கழித்துவிட்டு அளக்கலாம் என்றால், கழிப்பதற்கே எக்கோ வேண்டும். எக்கோவைப் படிக்க நெறி வேண்டும். வட்டம்! இதே நோய் கேரளக் கரையோர ஏழைகளிடமும் மிகுந்திருந்தது. அங்கே வாழ்நிலை உயர உயர அருகிவிட்டது. அப்படியானால் அந்தத் தடித்த சுவரில் பதிவாகியிருப்பது இனமா, வறுமையா?

இங்கேதான் நம் தோழர்கள் ‘அவரவர்க்கு அவரவர் அளவு’ என்று அவசரப்படக்கூடாது. நுரையீரலின் கதை இருக்கிறது. அடிமைமுறையை ஆதரித்த மருத்துவர் சாமுவேல் கார்ட்ரைட், கறுப்பர்களின் மூச்சுக்கொள்ளளவு பிறவியிலேயே குறைவு என்று 19ஆம் நூற்றாண்டில் எழுதிவைத்தார். அந்தத் ‘திருத்தம்’ கருவிக்குள்ளேயே போய்விட்டது. 1999இல் பால்டிமோரில் ஆஸ்பெஸ்டாஸ் இழப்பீட்டு வழக்கில் ஒரு கம்பெனி இதைக் கையிலெடுத்தது: கறுப்புத் தொழிலாளி இழப்பீடு கோர வேண்டுமானால் வெள்ளையனைவிட அதிகம் மூச்சிழந்திருக்க வேண்டுமாம். வேறுபாட்டை அங்கீகரிப்பது என்ற பெயரில் பாதிப்பைக் கழித்துவிடும் கணக்கு இது.

‘ஆப்பிரிக்க இதயம்’ என்று ஒன்றைக் கட்டமைப்பதும் அதே வேலையைத்தான் செய்யும். கடலோர மீனவரும் மேட்டுநில ஆடுமேய்ப்பவரும் ஒரே பத்தியில் அடங்குவார்களா என்ன? ஊர், உழைப்பு, ரத்த அழுத்தம், சோறு, கழிக்கப்பட்டவர்கள் எத்தனை பேர், எதற்காகக் கழித்தார்கள் என்பதையெல்லாம் சேர்த்து எழுதாத எந்த அளவும் எனக்கு ஏற்புடையதல்ல, அதை லுண்டில் எடுத்தாலும் சரி, இன்யாரிமேயில் எடுத்தாலும் சரி. ரிப்போர்ட்டின் அந்த இரண்டாவது எண்ணுக்குப் பக்கத்தில், அது யாரிடமிருந்து எடுத்தது என்று ஒரு வரி அச்சிடுவதற்கு இடம் இருக்கத்தான் செய்கிறது.